அலமாரியில் ஒரு டிஸ்க், மகள் வீட்டில் ஒரு டிஸ்க்

சென்ற இதழில், கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்க முடியுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக ஒரு பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேக்கப் (கோப்புகளுக்குத் தனியாக இன்னொரு பிரதி எடுத்து வைப்பது) பற்றியவை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவன் நான். மதர்போர்டு போனால் வேறு போடலாம், டிஸ்ப்ளே போனால் வேறு போடலாம். "உள்ளே இருந்த போட்டோ மட்டும் கிடைத்தால் போதும் சார்" என்று ஒருவர் நிற்கும்போது மட்டும்தான் கை கட்டப்பட்டதுபோல் இருக்கும். எனவே ஒவ்வொரு பதிலையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மறைந்த என் கணவர் எடுத்த புகைப்படங்கள், மகளின் திருமண வீடியோ, என் பாடக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து லேப்டாப்பில் 400 ஜிபி இருக்கிறது. தம்பி மகன், "எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க அத்தை" என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், "கூகுளில் போட்டுவிட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லை" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதையும் பாதிப் பாதி கேளுங்கள். முதலில் தம்பி மகன் சொன்னதைச் செய்யுங்கள்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதிலேயே உங்கள் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அடங்க வேண்டும். ஒரு காலத்தில் போட்டோஸில் அளவில்லாமல் ஏற்ற முடிந்தது. அது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. உங்கள் 400 ஜிபி அங்கே போக வேண்டுமானால் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றுகிற நேரத்தையும் பாருங்கள். வீட்டு இணைப்பில் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், 400 ஜிபி ஏற கிட்டத்தட்ட இரண்டு நாள், ராத்திரி பகல் நிற்காமல் ஓட வேண்டும். அதே 400 ஜிபி யூஎஸ்பி 3 டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். (லேப்டாப்பில் நீல நிற நாக்கு உள்ள போர்ட்டில் செருகுங்கள். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் போட்டால் நாலு மணி நேரம் ஆகும்.)

"ஆயுளுக்கும்" என்ற சொல்லைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு கூகுள் கணக்கு இருந்ததா, அதில் அவர் போனில் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். பாஸ்வேர்டு தெரிந்தால் உள்ளே போய், 'கூகுள் டேக்அவுட்' என்ற வசதி மூலம் எல்லாவற்றையும் இறக்கி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா வேலையும் இதற்கு அப்புறம்தான். உங்கள் கணக்கிலும் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற இடத்தில் மகளின் பெயரைக் கொடுத்துவிடலாம். நீங்கள் நீண்ட காலம் கணக்கைத் தொடாவிட்டால் அவருக்குத் தகவல் போகும்.

சரி, என்ன வாங்குவது? புகைப்படக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அதை 3-2-1 என்று சொல்லிப் பரப்பினார். மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் இருப்பதே ஒரு பிரதி. ஆக உங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டு. 1 டிபி (1000 ஜிபி) எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒரே பேட்ச்சில் குறை இருந்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கட்டும், ஒன்றை மகள் வீட்டில் கொடுத்துவையுங்கள். மகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது அந்த டிஸ்க்கைக் கொண்டுவரச் சொல்லி, புதிய படங்கள் ஏற்றிய உங்கள் டிஸ்க்கைக் கொடுத்து அனுப்புங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எதற்குப் பயன்படும் என்றால், மிக முக்கியமான சின்னத் தொகுதிக்கு. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், ஓய்வூதிய ஆணை, கணவரின் படங்களில் நீங்களே பொறுக்கிய சில நூறு. இவை 15 ஜிபிக்குள் அடங்கும். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அரசின் டிஜிலாக்கர் செயலியில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்காக மெனக்கெட வேண்டாம்.

இன்னொன்று. டிஸ்க் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, டிஸ்க்கோடு சேர்த்து வையுங்கள். பெரியவர் ஒருவர் தவறிய பிறகு, அவர் அழகாக அடுக்கிவைத்த பேக்கப் டிஸ்க்கை, பழைய சாமான் என்று நினைத்து என் கடையில் விலைக்குப் போட வந்த குடும்பம் உண்டு. செருகிப் பார்த்ததால் தெரிந்தது.

கேள்வி: நான் எல்லாவற்றையும் டி டிரைவில்தான் வைக்கிறேன். ஃபார்மட் செய்தாலும் சி டிரைவ் மட்டும்தான் போகும், டி டிரைவ் பத்திரமாக இருக்கும் என்று சர்வீஸ் பையன் சொன்னார். அது போதாதா?
— வாசகர், விருதுநகர்

பதில்: போதாது. சி, டி, இ என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்க்கின் பிரிவுகள். விண்டோஸை மறுபடி ஏற்றும்போது டி தப்பிக்கும், உண்மை. டிஸ்க்கே நின்றுபோனால் எல்லாப் பிரிவும் சேர்ந்து போகும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். சியும் டியும் ஒரே 'டிஸ்க் 0' வரிசையில் இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே பிரதிதான். தனித்தனி டிஸ்க்காக இருந்தாலும்கூட இரண்டும் ஒரே பெட்டிக்குள்தானே இருக்கின்றன? மின்னல் இறங்கினால், திருடன் தூக்கினால் இரண்டும் போகும்.

எத்தனையோ வீடுகளில் இந்த டி டிரைவ் நம்பிக்கையால் யாரும் பேக்கப்பே எடுப்பதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று டெஸ்க்டாப்பில் இருந்த பெரிய ஃபோல்டர் ஒன்றை அழித்தேன். ஒன்டிரைவில் பேக்கப் இருக்கிறது என்று நம்பித்தான் அழித்தேன். இப்போது பார்த்தால் அங்கேயும் இல்லை. எப்படிப் போனது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: காரணத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் பிரவுசரில் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் தளத்துக்குப் போய், இடப்பக்கம் உள்ள 'ரீசைக்கிள் பின்' திறந்து ஃபோல்டரை மீட்டுவிடுங்கள். தனிநபர் கணக்கில் அழித்த கோப்பு 30 நாள் வரைதான் அங்கே இருக்கும்.

மீட்டாயிற்றா? ஒன்டிரைவ் செய்வது சிங்க். நிலைக்கண்ணாடி முன்னால் நிற்பதுபோல, இங்கே வைத்தது அங்கே தெரியும், இங்கே எடுத்தது அங்கேயும் மறையும். விண்டோஸ் இதற்கு 'பேக்கப்' என்று பெயர் போட்டிருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று ஃபோல்டர்களையும் அது ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு இடத்திலும் நீங்கள் பார்ப்பது ஒரே ஃபோல்டரைத்தான். கூகுள் டிரைவும் இதே மாதிரிதான்.

இடம் மிச்சப்படுத்துவது மட்டும் நோக்கமென்றால், ஃபோல்டரில் வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்திருந்தால் போதும். லேப்டாப்பிலிருந்து நீங்கும், மேலே, அதாவது இணையத்தில், இருக்கும். ஆனால் அப்போது மேலே இருப்பது ஒன்றே ஒன்றாகிவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிங்க் பயனில்லாதது என்று நான் சொல்லவில்லை. லேப்டாப் தொலைந்தாலோ உடைந்தாலோ அது கைகொடுக்கும். நம் கையால் நாமே அழித்துவிட்டாலோ, ஒரு கோப்பின் மேல் தப்பானதை சேவ் செய்துவிட்டாலோ அந்தத் தவறும் மேலே ஏறிவிடுகிறது. அதற்குத்தான் பழைய நிலையைத் தனியாக வைத்திருக்கும் பேக்கப் வேண்டும். விண்டோஸிலேயே 'ஃபைல் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் 8 காலத்திலிருந்து. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, கண்ட்ரோல் பேனலில் அதை ஆன் செய்தால், மாறிய கோப்புகளை மட்டும் மணிக்கு ஒருமுறை பிரதி எடுக்கும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற லைப்ரரிகளையும் டெஸ்க்டாப்பையும்தான் அது கவனிக்கும். டி டிரைவில் இருக்கும் உங்கள் ஃபோல்டரை ஒரு லைப்ரரியில் சேர்த்தால் மட்டுமே அதன் கண்ணில் படும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை 'டைம் மெஷின்' செய்கிறது. 2007-லிருந்து இருக்கிறது. டிஸ்க்கைச் செருகினால் அதுவே கேட்கும்.

கேள்வி: வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலையில் திறந்தால் எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ நாலு எழுத்து ஒட்டியிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு குறிப்பு இருக்கிறது. பேக்கப் டிஸ்க் எப்போதும் செருகியே இருந்தது, அதிலும் இதே கதை. என்ன செய்வது?
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. மற்றவர்களின் கணக்கும் சேர்ந்து போயிருக்கிறது என்பதால் உங்கள் நிலை எனக்குப் புரிகிறது.

இது ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காதீர்கள். அந்த டிஸ்க்கை அப்படியே கழற்றித் தனியாக வைத்துவிட்டு, வேறு டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றி வேலையைத் தொடருங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து 'நோ மோர் ரேன்சம்' என்ற தளத்துக்குப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து போலீஸ், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது அது. பூட்டிய கோப்பில் ஒன்றையும் அந்தக் குறிப்பையும் ஏற்றினால், எந்த வகை வைரஸ், அதற்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். எல்லா வகைக்கும் சாவி கிடையாது. இன்றைக்கு இல்லாத சாவி அப்புறம் வெளிவருவதும் உண்டு. அதனால்தான் அழிக்க வேண்டாம் என்கிறேன். பணம் கட்டாதீர்கள். கட்டிய பிறகு திறந்து தருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது வரும் வழிகளில் முக்கியமானது கிராக் செய்த சாஃப்ட்வேர். காசு கொடுக்காமல் ஏற்றிய எதையாவது ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். செய்திருந்தால், புதிதாக ஏற்றும் கம்ப்யூட்டரில் அது மறுபடி வரக்கூடாது.

இனி நடப்பதைப் பேசுவோம். கம்ப்யூட்டரோடு எப்போதும் ஒட்டியிருக்கும் டிஸ்க், வைரஸின் பார்வையில் இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். பேக்கப் எடுக்கும் நேரம் மட்டும் செருகுங்கள், முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்றுங்கள். டிஸ்க் இரண்டு வேண்டும். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று. ஒன்றைச் செருகியிருக்கும்போது வைரஸ் வந்தாலும் மற்றது டிராயரில் இருக்கும்.

டேலியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டேலி பிரைமில் டேட்டா ஃபோல்டர் வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலி பிரைம் என்று போகும். டாக்குமெண்ட்ஸில் இருக்காது. அதனால் ஃபைல் ஹிஸ்டரியோ ஒன்டிரைவோ அதைத் தானாக எடுக்காது. டேலிக்குள்ளேயே ஆல்ட் பட்டனோடு ஒய் அழுத்தி, 'டேட்டா' மெனுவில் 'பேக்கப்' கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தேதியில் புது ஃபோல்டர் போட்டு அதில் எடுங்கள். பழையதன் மேலேயே எழுதினால், டேட்டா கெட்டிருப்பது தெரியாமல் கெட்டதை நல்லதன் மேல் எழுதிவிடுவீர்கள்.

எத்தனை வருடம் வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கு, அப்பீல் நடந்தால் இன்னும் கூடும். ஆகவே ஒவ்வொரு மார்ச் 31 பேக்கப்பையும் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உலக பேக்கப் தினம் என்று 2011-லிருந்து கொண்டாடுவதும் அதே மார்ச் 31-தான். கணக்கு எழுதுகிறவர்களுக்கு மறக்கவே மறக்காத தேதி.

கேள்வி: 2023 வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் பீரோவின் கீழ்த் தட்டில் இருந்தன. டிஸ்க்கை அப்போதே வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துவிட்டேன். இதுவரை செருகிப் பார்க்கவில்லை. பார்க்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: பார்க்காதீர்கள். இத்தனை நாள் செருகாமல் வைத்திருந்ததுதான் நீங்கள் செய்த பெரிய நல்ல காரியம்.

ஹார்ட் டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டி என்று எல்லோரும் நினைக்கிறோம். சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு பொடி ஓட்டை உண்டு. வெள்ள நீர் அதன் வழியாக உள்ளே போய், காய்ந்த பிறகு வண்டல் தகட்டின் மேல் படிந்திருக்கும். தகடு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும்போது, அதற்கு மயிரிழைக்கும் குறைவான உயரத்தில் மிதக்கும் ஹெட் அந்த வண்டலில் மோதினால் தகடு கீறிப்போகும். அதற்குப் பிறகு எந்த லேபாலும் ஒன்றும் செய்ய முடியாது. கிளீன் ரூம் (தூசி இல்லாத அறை) வசதி உள்ள டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் கொடுக்க வேண்டும். செலவு பல ஆயிரங்களில் வரும். முதலில் பரிசோதித்துச் சொல்லும் கட்டணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அதில் இருக்கும் படங்கள் உங்களுக்கு அவ்வளவு பெறுமா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். டிஸ்க்கைத் திறந்து பார்க்கிறேன் என்று சொல்லும் சாதாரணக் கடைக்கு, என் கடை உட்பட, கொடுக்கக்கூடாது.

அந்த டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இங்கே ஜங்ஷனுக்குள் தாமிரபரணி புகுந்தது. அடுத்த வாரம் முழுவதும் சேறு படிந்த சிபியூக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஓடுகிறதா என்று பார்க்கலாமே என்று வீட்டிலேயே சுவிட்சைப் போட்டுப் பார்த்தவர்களின் டிஸ்க்குகளில் சர்க்யூட் போர்டு புகைந்திருந்தது. இனி யாருக்காவது இந்த நிலை வந்தால் இதைச் செய்யுங்கள்: நனைந்த ஹார்ட் டிஸ்க்கைக் காயவைக்காமல், ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டு மூடி லேபுக்கு அனுப்புங்கள். உள்ளே சேறு காய்ந்து ஒட்டாமல் இருப்பதுதான் முக்கியம். பென் டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் (தகடு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்) சுற்றும் பாகம் எதுவும் இல்லை. அவற்றைச் சுத்தம் செய்து எடுக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

லேப்டாப்பையும் பேக்கப்பையும் ஒரே பீரோவில் வைப்பது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. மேல் தட்டில் வைத்தால் வெள்ளத்துக்குத் தப்பும், தீக்கும் திருட்டுக்கும் தப்பாது. வேறு ஊரில், குறைந்தது வேறு தெருவில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான். பெரிய இடங்களுக்கும் இதே விதிதான். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' எரிந்துபோனது. 858 டிபி. வேறெங்கும் பிரதி இல்லை. அதனால் கிளவுடில் (இணையச் சேமிப்பில்) போட்டவர்களும் வீட்டில் ஒரு டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிய டிடிபி சென்டர் நடத்தினேன், இப்போது மூடிவிட்டேன். கோயில் மலர்கள், உள்ளூர்க் கவிஞர்களின் புத்தகங்கள் எல்லாம் பேஜ்மேக்கரிலும் வேர்டிலும் இருக்கின்றன. ஒழுங்காக டிஸ்க்கில் பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தேன். பேரனின் புது லேப்டாப்பில் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: கெடவில்லை அய்யா, நிம்மதியாக இருங்கள். எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, நம் மொழிக்கு இது மிகப் பெரிய விஷயம். யூனிகோடுக்கு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முன்னால் நாம் தட்டிய தமிழ் உண்மையில் ஆங்கில எழுத்துகளும் பிற குறிகளும் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவம் போட்டு ஒப்பேற்றியது. பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. 1999-இல் டாம், டாப் இரண்டையும் தமிழக அரசு தரப்படுத்தியது, 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டதெல்லாம் அந்தந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால் மட்டும்தான் தமிழாகத் தெரியும். எனவே கோப்பை மட்டும் பேக்கப் எடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

உங்கள் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடினால், அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் காப்பி செய்து, கோப்புகளோடு ஒரே இடத்தில் வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு புத்தகத்தையும் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக எடுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்தக் காலத்திலும் அது அச்சிட்ட பக்கம்போலவே தெரியும். மூன்றாவதாக, மூலப் பிரதியை என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றி, வெறும் டெக்ஸ்ட் கோப்பாகவும் ஒன்று வையுங்கள். பிடிஎஃபில் பக்க அழகு இருக்கும், யூனிகோடு பிரதியில் தேட முடியும், திருத்த முடியும். மாற்றிய பிறகு ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஒற்றெழுத்தும் கொம்பும் சில இடங்களில் மாறியிருக்கும்.

பேஜ்மேக்கரைப் பற்றித் தனியாக ஒன்று. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு மேல் வரவே இல்லை. பெரிய படங்களை அது பெரும்பாலும் கோப்புக்குள் வைப்பதில்லை. படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். ஆகவே பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் காப்பி செய்தால் கோயில் மலரில் கோபுரப் படம் அச்சில் மங்கலாக வரும், அல்லது வராது. 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது கீழே 'ஆல் லிங்க்ட் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், படங்களையும் சேர்த்து ஒரே இடத்தில் எடுத்துத் தரும்.

அந்தக் கவிஞர்களில் பலரிடம் அச்சுப் புத்தகமே இப்போது இருக்காது. உங்கள் டிஸ்க்கில் இருப்பது ஒருவேளை கடைசிப் பிரதியாக இருக்கலாம். யூனிகோடாக்கியதும் அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

கேள்வி: கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஸ்டூடியோ கொடுத்த டிவிடியில் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? பென் டிரைவில் மாற்றலாமா?
— வாசகி, மதுரை

பதில்: விடக்கூடாது. ஸ்டூடியோவில் எழுதித் தரும் டிவிடியில் பதிவு இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் புழுக்கமும் பட்டால் அது மங்கும். இப்போதைய லேப்டாப்பில் டிவிடி டிரைவும் கிடையாது. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ இந்த மாதமே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும்தான். எஸ்எஸ்டியையும் வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் அலமாரியில் வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். அலமாரிக்கு இன்றும் ஏற்றது சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான்.

கேள்வி: லேப்டாப் மதர்போர்டு போய்விட்டது. உள்ளே இருந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அண்ணன் கம்ப்யூட்டரில் போட்டால், ஏதோ 'ரெக்கவரி கீ' கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைக்கவில்லையே?
— கல்லூரி மாணவி, சென்னை

பதில்: நீ வைக்கவில்லை அம்மா, விண்டோஸ் 11 வைத்தது. பல புதிய லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவுடனேயே டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. லேப்டாப் திருடு போகும்போது இந்தப் பூட்டு நல்லது. போர்டு போனால் 48 இலக்கச் சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. போனில் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் அந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து 'பிட்லாக்கர் கீஸ்' (பிட்லாக்கர் என்பது அந்தப் பூட்டின் பெயர்) பார். பெரும்பாலும் அங்கே இருக்கும். கல்லூரி கொடுத்த மெயில் கணக்கோடு நுழைந்திருந்தால் சாவி கல்லூரியின் ஐடி பிரிவிடம் இருக்கும், அவர்களிடம் கேள்.

மற்ற வாசகர்கள் இப்போதே அந்தச் சாவியைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மாதாமாதம் பேக்கப் எடுக்கிறேன். அது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், சேலம்

பதில்: மீட்டுப் பார்த்தால்தான் தெரியும். கிட்லாப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், பிரதி ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். தேடும்போது ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். பழைய படம் ஒன்று, போன வாரப் படம் ஒன்று, பெரிய வீடியோ ஒன்றின் கடைசி நிமிடம், ஒரு எக்செல் கோப்பு, இவற்றைத் திறந்து பாருங்கள். 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவசக் கருவி டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 'குட்' என்று காட்டினாலும் நிச்சயமில்லை, முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கும் டிஸ்க்குகளும் வருகின்றன.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் 500 ரூபாய்க்கு வாங்கினேன். செருகினால் 2 டிபி என்றுதான் காட்டுகிறது. இதில் பேக்கப் எடுக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அது போலி. அந்த விலைக்கு 2 டிபி கிடைக்காது. உள்ளே 32 அல்லது 64 ஜிபிதான் இருக்கும், கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டியதும், புதிதாக ஏற்றுவது பழையதன் மேல் விழும், அல்லது எங்குமே பதியாது. பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவசக் கருவியை ஓடவிடுங்கள். முழுக்க எழுதி, முழுக்கப் படித்து, உண்மையான அளவைச் சொல்லும். நேரம் எடுக்கும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் வரும் முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.